தவிட்டுக்கு வாங்கிய தாத்தா

உங்கள் தாத்தா பெயர் உங்களுக்குத் தெரியும். சந்தேகமே இல்லை. தாத்தாவின் அப்பா பெயர்?

தலையைச் சொறியாதீர்கள். 1983 உலகக் கோப்பை ஃபைனலில் ஸ்ரீகாந்த் அடித்தது 38 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற ஆசாமிகள்கூட, இந்தக் கேள்விக்கு ஆபீஸ் ஃபேனைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். சரி, போகட்டும். தாத்தாவின் அம்மா பெயர்? இதற்கு ஃபேனும் உதவாது.

வம்சாவளி ஆராய்ச்சி என்பதெல்லாம் வெள்ளைக்காரர்கள் ரிட்டயரான பிறகு பொழுது போகாமல் செய்கிற வேலை என்று நாம் நினைக்கிறோம். நம் ஊரில் முன்னோர்கள் ஞாபகம் வருவது இரண்டே சமயத்தில்தான். ஒன்று, சொத்துத் தகராறு. இரண்டு, குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம். எங்களுக்கு வந்தது இரண்டாவது. (முதலாவது வருகிற அளவுக்குச் சொத்து இல்லை.)

கொள்ளிடக் கரையோரம் எங்கள் குலதெய்வம். கோயில் சுவரில் வம்சாவளியைக் கறுப்பு கிரானைட்டில் செதுக்கி வைப்பது என்று பங்காளிகள் கூடி முடிவு செய்தார்கள். கல்லுக்குப் பணம் கொடுப்பது நியூ ஜெர்சியில் இருக்கும் என் பெரியப்பா மகன். பெயர்களைச் சேகரிப்பது நான். "நீதான் பி.காம். படிச்சவன், பத்திரிகையிலயும் ஏதோ எழுதறே. கணக்கும் தெரியும், கதையும் தெரியும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ப்ரீலான்ஸ் எழுத்தாளன் என்றால் உறவினர்கள் பாஷையில் 'வேலை வெட்டி இல்லாதவன்' என்று அர்த்தம், கட்டட்டும், பரவாயில்லை.

ஆடிட்டர் ஆபீஸில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன் நான். ஒரு கம்பெனியைப் பற்றித் தெரிய வேண்டுமானால் முதலாளி பேச்சைக் கேட்கக் கூடாது, வவுச்சரைப் பார்க்க வேண்டும் என்பது அங்கே படித்த பாடம். அதனால் கல்யாண மொய் நோட்டு, கோயில் தலைக்கட்டு வரி நோட்டு, பெட்டிக்குள் கிடந்த கிரயப் பத்திரங்கள், பாகப்பிரிவினைப் பத்திரம், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் மொய் நோட்டு. ஒரே பக்கத்தில் மூன்று பெருமாள்! நம் வழக்கப்படி தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைக்க வேண்டும். பேரன் என்ற சொல்லே 'பெயரன்'தான், தாத்தாவின் பெயரைத் தாங்கியவன். ஒரு தாத்தாவுக்கு மூன்று பிள்ளை இருந்தால் மூன்று வீட்டிலும் ஒரே பெயரில் பேரன். மொய் எழுதுகிறவர் குழம்பாமல் இருக்க ஓர் அடைமொழி போட்டுவிடுவார். 'பட்டாளத்து' பெருமாள் - ரூ.5. 'ரேடியோ' பெருமாள் (தெருவிலேயே முதல் ரேடியோ இவர் வீட்டில்) - ரூ.11. மூன்றாமவர் 'வாய்தா' பெருமாள். தொகைக்கு நேராகக் கோடு போட்டிருந்தது. அப்போதும் வாய்தாதான் வாங்கியிருக்கிறார்!

அடுத்த சிக்கல், மருமகள்கள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. மாமனார் பெயரையே சுமக்கும் பிள்ளையை எப்படித் திட்டுவது? அதனால் வீட்டில் கூப்பிட வேறு பெயர்: ராசு, துரை, தம்பி, சாமி. எழுபது வயதில் பல்லெல்லாம் கொட்டிய பிறகும் 'தம்பி' என்றே அழைக்கப்பட்டவர்கள் எங்கள் வம்சத்தில் நாலு பேர்.

புருஷன் பெயரையும் சொல்லக் கூடாது. 'சர்க்கரை' என்று ஒரு பாட்டனார் இருந்திருக்கிறார். அவருடைய மனைவி கடைசி வரை சர்க்கரை என்ற வார்த்தையையே உச்சரித்ததில்லை. காப்பி கொடுக்கிறவர்களிடம், "அவுக பேரு கம்மியாப் போடு" என்பாராம்.

பத்திரங்களுக்குள் போனதும்தான் அசல் விருந்து. விற்பவர், வாங்குபவர், சாட்சிகள் எல்லோருமே ஒரு தினுசாக இருந்தார்கள். அம்மாசி, பாவாடை, மூக்கன், பிச்சை, குப்பாயி, மண்ணாங்கட்டி, தவிட்டான். கடைசியில் உள்ளவர் என் சொந்தக் கொள்ளுத்தாத்தா!

வாட்ஸப்பில் பட்டியலை அனுப்பிய ஐந்தாவது நிமிஷம் நியூ ஜெர்சியிலிருந்து போன்.

"டேய், இதையா கல்லுல வெட்டப் போறே? எவனாவது படிச்சா சிரிப்பான்டா. கொஞ்சம் டீசன்ட்டா மாத்திடு. தவிட்டானைத் தேவராஜன்னு போடு. குப்பாயியை..." ஒரு கணம் யோசித்து, "குபேரலட்சுமி!"

மண்ணாங்கட்டி மணிகண்டன் ஆனார். அம்மாசி அமரேஷ் ஆனார். 1994-ல் வந்த 'அமைதிப்படை'யில் அமாவாசை என்ற ஆசாமி நாகராஜ சோழன் எம்.ஏ. ஆனாரே, அவருக்குக்கூட கொஞ்சம் டயம் பிடித்தது. அண்ணன் நாலு நிமிஷத்தில் வம்சத்தையே மாற்றிவிட்டார்.

அண்ணன் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. வழக்கப்படி என் பெரியப்பாவுக்குத் தாத்தா பெயரான தவிட்டான் என்பதையே வைத்திருந்தார்கள். அண்ணனுக்கு இனிஷியல் 'த'. இங்கே இருந்தவரை அந்த 'த' ஒரு புள்ளியோடு சமர்த்தாக இருந்தது. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். விமானம் ஏறி இறங்கியதும் அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. பத்து வருஷமாக அண்ணன் அங்கே 'மிஸ்டர் தவிட்டான்'. அண்ணி 'மிஸஸ் தவிட்டான்'. பள்ளிக்கூடத்தில் பெண்ணிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். அப்பா பேச்சை மாற்றிவிட்டார்.

"என்ன அர்த்தம்னு சொல்லட்டும் நான்? மாட்டுக்குப் போடறதுன்னா?" என்றார் அண்ணன். குரலில் சிரிப்பு இல்லை.

சரி, அர்த்தத்தையே கண்டுபிடித்துவிடலாம் என்று பெயர்களை லெட்ஜர் மாதிரி தலைப்பு வாரியாகப் பிரித்தேன்.

முதல் தலைப்பு, சாமி கணக்கு. பாவாடை என்றதும் சிரித்தீர்கள் அல்லவா? அங்காளம்மன் கோயிலில் காவல் தெய்வம் பாவாடைராயன். பாவாடை என்றால் பழைய தமிழில் பெரியவர்கள் நடந்து வர நிலத்தில் விரிக்கும் துணி. திருநெல்வேலிப் பக்கம் பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் இருக்கிறார். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் தாங்காது. 'சொரிமுத்து' என்று ஆபீஸில் ஒருவர் சேர்ந்தால் நாம் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொள்கிறோம். முனியாண்டி என்றாலும் அப்படித்தான். ஆனால் மத்தியானம் ஒரு மணிக்கு அதே பெயர் 'விலாஸ்' என்று முடிந்தால் வாயில் நீர் ஊறுகிறது.

இரண்டாவது தலைப்புதான் பெரியது. குப்பைக் கணக்கு.

பிறக்கிற பிள்ளையெல்லாம் அடுத்தடுத்துச் செத்துப்போகிற வீடுகளில், அடுத்த குழந்தை பிறந்ததும் அதைக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். கண்ணேறும் எமனும், 'சீ, வேண்டாம் என்று வீசிய பண்டம்' என்று ஏமாந்து போய்விட வேண்டும். அதுதான் குப்பன், குப்பாயி, குப்பம்மாள், குப்புசாமி. யாரோ பிச்சை போட்டது என்றால் பிச்சை, பிச்சமுத்து, பிச்சையம்மாள். ஆண் குழந்தைக்கு மூக்குக் குத்திப் பெண் மாதிரி வேஷம் போட்டால் மூக்கன், மூக்கையா. ஒன்றுக்கும் ஆகாதது என்று அறிவித்துவிட்டால் மண்ணாங்கட்டி.

இன்னொரு முறை உண்டு. குழந்தையை முறத்தில் வைத்துப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அவளிடம் ஒரு படி தவிட்டைக் கொடுத்துப் பெற்றவளே அதை விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக, பிள்ளை இவளுடையது இல்லை. கடையில் வாங்கிய சரக்கு. அதன் பெயர் தவிட்டான்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. பி.காமில் உயிரை வாங்கிய பேப்பர். பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்று 25-ஆம் பிரிவு சொல்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. அவை பரீட்சையில் பத்து மார்க். கைநாட்டு வைத்த என் எள்ளுப்பாட்டி அந்தப் பேப்பரை எழுதியதில்லை. ஆனாலும் எமனே வக்கீல் வைத்துக்கொண்டு வந்தாலும் கேஸ் நிற்கக் கூடாது என்று, ரொக்கத்துக்குப் பதில் ஒரு படி தவிட்டைப் பிரதிபலனாகக் கொடுத்து, சாட்சி வைத்துப் பிள்ளையைக் கிரயம் வாங்கியிருக்கிறாள். அதற்கு முன் நாலு குழந்தைகளை வரிசையாக மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். ஐந்தாவது இந்தத் தவிட்டான். எழுபத்து மூன்று வயது வரை இருந்தார். வழக்கில் பாட்டிக்கே வெற்றி.

இது ஏதோ நம் ஊர்ப் பட்டிக்காட்டுத்தனம் என்று நினைக்க வேண்டாம். தெலுங்கில் குப்பைமேடு 'பெண்ட்ட', அதனால் பெண்ட்டையா. வடக்கே மூக்குத்தி போட்டவன் நத்து. ஆர்.சி.டெம்பிள் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1883-லேயே பஞ்சாபியர் பெயர்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டு, இந்த மாதிரி இழிபெயர்களையும் அதில் ஆராய்ந்திருக்கிறார். சீனாவில் பிள்ளையை 'நாய் முட்டை' என்று கூப்பிடுவார்கள். மங்கோலியா இன்னும் ஜோர். அங்கே 'நெர்குய்' என்றால் 'பெயரில்லை'. 'எனெபிஷ்' என்றால் 'இது இல்லை'. 'ஹுன்பிஷ்' என்றால் 'மனுஷன் இல்லை'. எமன் வந்து விலாசம் விசாரித்தால் என்ன பாடுபடுவான், யோசித்துப் பாருங்கள்.

மராத்தியில் 'தோண்டு' என்றால் கல். தோண்டோ கேசவ கார்வே என்று ஒருவர். 1916-ல் பெண்களுக்கென்றே இந்தியாவில் முதல் பல்கலைக்கழகம் தொடங்கியவர். 1958-ல், நூறாவது வயதில், பாரத ரத்னா வாங்கினார். 1962 வரை, 104 வயது வாழ்ந்தார். கல் என்றால் கல்தான்!

எமனை ஏமாற்ற ஏன் இத்தனை பாடு? ஒரே ஒரு கணக்குச் சொல்கிறேன். 1971-ல்கூட இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் 113. 2020-ல் அது இந்தியாவுக்கு 28, தமிழ்நாட்டுக்கு 13 என்று இறங்கியிருக்கிறது. தவிட்டான் பிறந்ததோ 1971-க்கும் அறுபது வருஷத்துக்கு முன்னால். முத்தடுப்பு ஊசி கிடையாது, வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைப் பொட்டலம் கிடையாது. கையிலிருந்த ஒரே மருந்து பெயர்தான். நம் தலைமுறையில் குப்பனும் மண்ணாங்கட்டியும் அபூர்வமாகிவிட்டார்கள் என்றால், நமக்கு நாகரிகம் வந்தது மட்டும் காரணமில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது.

இதை எல்லாம் போனில் ஒப்பித்தேன். அண்ணன் பேசவேயில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "ஹலோ" போட்டேன்.

"இருக்கேன்டா... நாலு குழந்தையா?" என்றார். பிறகு, "இங்கே தவிட்டை டப்பாவுல அடைச்சு, பால் ஊத்தி, காலையில சாப்பிடறாங்க. உடம்புக்கு ரொம்ப நல்லதாம். விலையும் ஜாஸ்தி. பொண்ணுகிட்ட அப்படியே சொல்லிடறேன்" என்றார்.

தவிட்டான் தப்பித்தார்.

ஒன்று சொல்லாமல் விடக் கூடாது. பத்திரத்தில் எல்லாக் குப்பனும் ஒரே குப்பன் இல்லை. நிலம் விற்றவர் வசதிக்காரர் என்றால் இன்னார் 'குமாரர்', இன்ன 'அவர்கள்'. வாங்கியவர் எங்கள் ஆள் என்றால் இன்னான் 'மகன்' தவிட்டான். ஒரே முத்திரைத்தாள், ஒரே மை. ஒருவருக்கு 'ர்', ஒருவருக்கு 'ன்'. எமனை ஏமாற்ற வைத்த பெயர், மேட்டுத்தெருக்காரர்கள் அதட்டிக் கூப்பிடவும் சௌகரியமாகப் போயிற்று. பெரியப்பா சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனதும் அரசிதழில் தன் பெயரை மாற்றிக்கொள்ள விண்ணப்பம் வரை எழுதி வைத்திருந்தார், அனுப்பவில்லை. எழுதிய காரணம் எனக்குப் புரிகிறது. அனுப்பாத காரணமும் புரிகிறது. 2015-ல் கூகுளின் தலைமைப் பதவிக்கு வந்தவர் பெயரிலும் ஒரு 'பிச்சை' உண்டு. யாரும் சிரிக்கவில்லை. நாற்காலி உயரமாக இருந்தால் பெயரும் கௌரவமாகிவிடும் போலிருக்கிறது.

மூன்றாவது தலைப்பில் ஒரே ஒரு பெயர்தான். ஆனால் பேனா அங்கேதான் நின்றது.

தவிட்டானுக்கு முதல் மூன்றும் பெண். நாலாவதும் பெண். அந்த நாலாவதின் பெயர் போதும்பொண்ணு.

இந்த ரகமும் நம் ஊரில் ஏராளம். திருவள்ளூர்ப் பக்கம் சில கிராமங்களில் 'வேண்டாம்' என்றே பெயர் வைப்பார்கள். கொஞ்சம் நாசூக்கான வீடுகளில் 'மங்களம்', 'சம்பூர்ணம்'. கச்சேரியை முடிக்கிற மாதிரி. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் குப்பாயி மாதிரிதான் தெரியும். ஆனால் லெட்ஜரில் எதிர்ப் பக்கம். குப்பாயி, பிள்ளை வேண்டும் என்பதற்காக வேண்டாதது மாதிரி வைத்த பெயர். போதும்பொண்ணில் அந்தத் தந்திரம் எதுவும் கிடையாது. வாசகம் நேராகவே இருக்கிறது. தவிடு கொடுத்து வாங்கப்பட்ட அதே தவிட்டான்தான் இந்தப் பெயரை வைத்தவர்.

மகாராஷ்டிராவில் இதற்கு 'நகுசா' என்று பெயர். வேண்டாதவள் என்று அர்த்தம். 2011 அக்டோபரில் சத்தாரா மாவட்டத்தில் விழா எடுத்து 285 நகுசாக்களுக்குப் புதுப்பெயர் சூட்டிச் சான்றிதழ் கொடுத்தார்கள். சிலர் சாமி பெயர், சிலர் சினிமா நட்சத்திரத்தின் பெயர் என்று அவரவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ரொம்ப நல்ல காரியம்.

அண்ணன் 'பூர்ணிமா' என்று மாற்றச் சொல்லியிருந்தார். இந்த ஒரு பெயரில் நானும் அவர் கட்சி. ஆனால் ஒரு வித்தியாசம். தவிட்டான் இல்லை, குப்பாயி இல்லை. போதும்பொண்ணு இருக்கிறார். என் தாத்தாவின் அக்கா. எனக்கு அத்தைப்பாட்டி. வயது எண்பத்தேழு. ஆதார் கார்டிலும் அதே பெயர். பெயருக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருக்கும்போது நியூ ஜெர்சியும் நானும் முடிவு செய்தால் எப்படி?

போனேன். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பூர்ணிமா என்ற பெயரையும் சொன்னேன்.

"யாருடா அவ?"

"நீங்கதான் பாட்டி. இஷ்டப்பட்டா."

கீரையைக் கீழே வைத்தார். "எங்கப்பாவைத் தவிட்டுக்கு வாங்கினாங்க. என்னைத் தவிட்டுக்குக்கூட யாரும் கேக்கலை" என்றார். சாதாரணமாக, பால் விலை சொல்கிற மாதிரி. அழுத்தம் ஏதும் இல்லை.

பிறகு அவரே சொன்னார். "போதும்னு வெச்சாங்க. எனக்கு அடுத்து உங்க தாத்தன் பொறந்தான். என் பேரு ராசின்னாங்க. அவனை இடுப்புல வெச்சுக்கிட்டு அலைஞ்சு, பள்ளிக்கூடம் போற வயசெல்லாம் போச்சு. கூடப் பொறந்தவங்க அத்தனை பேரும் போயிட்டாங்க. போதும்னு வெச்ச ஆளுதான் மிச்சம் இருக்கேன். மாத்தாதே. அந்தக் கல்லைப் பாக்கறவன், யாருடா இப்படிப் பேரு வெச்சவன்னு எங்கப்பனைக் கேக்கட்டும்."

நான் நோட்டை மூட எழுந்தேன். "இருடா. என் பேரு மட்டுமா போடப்போறே? எங்க அக்கா மூணு பேரு?"

அப்போதுதான் வம்சாவளியை முழுதாகப் பார்த்தேன். எல்லா வம்சாவளியும் போல அதுவும் ஆண்களாலேயே போட்டது. பத்திரத்தில் 'தவிட்டான் சம்சாரம்'. வரி நோட்டில் 'தவிட்டான் வீடு'. மொய் நோட்டில் 'பட்டாளத்துப் பெருமாள் தாயார்'. கணக்கு எழுதும்போது எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஓரமாகப் போட்டு வைப்போமே, எங்கள் வம்சத்துப் பெண்களில் பாதிப் பேர் அதில்தான் கிடந்தார்கள்.

இது எங்கள் வீட்டுச் சமாசாரம் மட்டுமல்ல. 1951-52-ல் நாட்டின் முதல் பொதுத் தேர்தல். வாக்காளர் பட்டியல் எடுக்கப் போனால், வடக்கே பல மாகாணங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே எழுதியிருந்தார்கள். பெயர் இல்லாமல் ஓட்டு இல்லை என்றார் தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென். அவகாசமும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படியும் பெயர் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். 28 லட்சம்! நம் கொள்ளுப்பாட்டிகளின் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"பாட்டி, உங்க அம்மா பேரு என்ன?" என்று கேட்டேன்.

அந்தப் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. பங்காளிகள் யாருக்கும் தெரியவில்லை. பாட்டி சுற்றுமுற்றும் பார்த்தார். பெற்றவள் பெயரை வாய்விட்டுச் சொல்ல எண்பத்தேழு வயதிலும் கூச்சம்.

"அம்மாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லடா. எங்கப்பா 'ஏய்'ம்பாரு. நாங்க ஆத்தா. எங்க மாமன் ஒருத்தர்தான் பேர் சொல்லுவாரு. அம்மா செத்தன்னிக்கு வாசல்ல மாட்டுவண்டி வந்து நின்னுச்சு. மாமன் எறங்கினாரு. அங்கேருந்தே 'அழகீ...'ன்னு கத்திக்கிட்டு ஓடியாந்தாரு. அன்னிக்குத்தான் கடைசியாக் கேட்டேன்."

அழகி. எழுதிக்கொண்டேன். கை கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது.

கல் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். தவிட்டான், குப்பாயி, மூக்கன், மண்ணாங்கட்டி எல்லோரும் அவரவர் பெயரிலேயே இருக்கிறார்கள். எமனை ஏமாற்ற வைத்த பெயர்களுக்குக் கீழே மட்டும் சின்ன எழுத்தில் ஒரு வரி காரணம். தவிட்டான் பக்கத்தில் அழகி. கீழே நாலு பெண்கள், ஒரு பையன். போதும்பொண்ணு என்பதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். எஸ்டிமேட் இரண்டு மடங்காகிவிட்டது. நியூ ஜெர்சிக்கு அனுப்பினேன். 'ஓகே. தவிட்டான்' என்று பதில் வந்தது. அண்ணன் முதல் தடவையாகப் பெயரை முழுசாகப் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார்.

இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா? பஸ் டிக்கெட் புக் பண்ணும்போதே ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலேயே வயதான பெண்மணி யாரோ, அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஆண்கள் வேண்டாம்; அவர்கள் நிலத்தின் சர்வே நம்பரைத்தான் சொல்வார்கள். பெயரைக் கேளுங்கள். ஏன் அந்தப் பெயர் என்றும் கேளுங்கள். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். தவிட்டான் என்பதற்கு இப்போதும் நான் சிரிக்கத்தான் செய்கிறேன். ஆனால் அந்தப் பாட்டியைப் பொக்கிஷம் மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் போனால் ஒரு ரிஜிஸ்தர் ஆபீஸே தீப்பிடித்த மாதிரி.

எங்கள் வீட்டில் போன மாதம் பெண் குழந்தை. நியூமராலஜிக்காரர் பெயரில் இங்கிலீஷ் எழுத்து 'ஏ' ஒன்றும் 'எச்' ஒன்றும் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார். பிள்ளைக்கு ஒரு குறையும் வராதாம். மனைவி என்னைப் பார்த்தாள். நான் எள்ளுப்பாட்டியின் ஒரு படி தவிட்டை நினைத்துக்கொண்டேன். சேர்த்தாகிவிட்டது.

நூறு வருஷம் கழித்து எந்தக் கொள்ளுப்பேரனாவது வம்சாவளி எடுத்தால், 'இந்தப் பாட்டி பெயரில் எதுக்குடா இத்தனை எழுத்து?' என்று விழுந்து விழுந்து சிரிப்பான். சிரிக்கட்டும். அவன் வசதிக்காக வவுச்சர் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன்: 'கூடுதல் எழுத்து இரண்டு. ரூ.500. காரணம்: பயம். ரசீது கொடுக்கவில்லை.'